ஒரு பிடி அரிசி, ஒரு பெயர்

(பொங்கல் விழாவை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் திருப்பலி முடிந்து என்னிடம் வந்தார். அவருடைய மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறார். நவம்பர் மாதக் கடைசியில் பேரன் கைப்பேசியில் பேசியிருக்கிறான். அங்கே நன்றித் திருநாளாம், பள்ளிக்கு விடுமுறையாம், அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்களாம். சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறான்: "தாத்தா, உங்க ஊர்ல நன்றி சொல்ல ஒரு நாள் கிடையாதா?" பெரியவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நமக்கு அப்படி ஒரு நாள் இல்லையா ஃபாதர்?" என்று என்னிடம் கேட்டார். "இருக்கிறது ஐயா, தை பிறக்கட்டும், அவனுக்குப் பொங்கல் பானையைக் காட்டுங்கள்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பானையைக் காட்டிவிட்டால் போதுமா? பானை பொங்குவதைப் பார்க்கிற குழந்தைக்கு, நாம் யாருக்கு, எதற்காக நன்றி சொல்கிறோம் என்று தெரிகிறதா? புத்தாடை, கரும்பு, தொலைக்காட்சியில் புதுப்படம் என்று நாள் முடிந்துவிடுகிறதே. இன்று உங்களோடு சேர்ந்து அந்தக் கேள்வியைத்தான் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நாம் கிறிஸ்தவர்கள், பொங்கல் வைக்கலாமா?" என்று இன்றும் சில பெற்றோர் கேட்கிறார்கள். மக்களின் பண்பாட்டில் மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிணைந்திராத எதையும் திருச்சபை மதிப்போடு பார்க்கிறது என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம் கதிரவனைப் படைத்தவருக்கு நன்றி சொல்கிறோம். பானையில் சிலுவை வரைந்து, செபம் சொல்லி அடுப்பேற்றுகிறோம். மாட்டுப் பொங்கலை ஒட்டி, ஜனவரி 17 அன்று, கால்நடைகளின் பாதுகாவலரான வனத்து அந்தோணியாரின் திருநாளும் வருகிறது. ஆகவே தயக்கம் வேண்டாம்.

இப்போது நன்றி என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் நன்றி என்றால் முதலில் நன்மை என்றுதான் பொருள். ஒருவர் நமக்குச் செய்த நன்மையே செய்ந்நன்றி. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள். செய்ந்நன்றி கூறல் என்று அதற்குப் பெயர் இல்லை. செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். வாயால் சொல்வதற்கு முன்னால் மனத்தால் அறிய வேண்டும். இது எனக்கு யாரால் வந்தது, அவர் இதற்காக என்ன இழந்தார் என்று அறிய வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. நம் தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியைப் பெற்று அதைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கனியின் பயன் என்ன என்பதை அவன் அவரிடம் சொல்லவில்லை. தன் மனத்துக்குள் மறைத்துக்கொண்டே கொடுத்தான். புறநானூற்றின் 91-ஆம் பாடலில் ஔவையார் அதைத்தான் நினைத்து உருகுகிறார். கொடுத்தவன் சொல்லவில்லை, பெற்றவர்தான் அறிந்துகொண்டார். உண்மையாகக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு "எனக்குப் பசியில்லை" என்கிற தாய், இது தனக்குரிய பங்கு என்று சொல்வதில்லை. அதை அறிந்துகொள்ள வேண்டியது பிள்ளை.

இந்த வெளிச்சத்தில் லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமுக்குப் போகும் வழியில் பத்துத் தொழுநோயாளர்கள் தொலைவில் நின்று இயேசுவைக் கூப்பிடுகிறார்கள். குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்கிறார் ஆண்டவர். போகும் வழியில் நோய் நீங்குகிறது. பத்துப் பேருக்கும் நீங்குகிறது. ஒருவர் மட்டும் திரும்பி வருகிறார். அவர் சமாரியர், அந்நியர் என்று ஒதுக்கப்பட்டவர். அவர் ஏன் திரும்பினார் என்பதை லூக்கா ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்: தன் நோய் நீங்கியிருப்பதை அவர் கண்டார். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் அல்லர். சொன்னபடி குருக்களிடம் போனவர்கள். ஆனால் நின்று, தன் கையைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று உணர்ந்தவர் ஒருவர்தான். உணர்ந்ததால் திரும்பினார்.

அன்பர்களே, நன்றி உணர்வை எனக்குக் கற்பித்த ஒரு பாட்டியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரி 10-ஆம் நாள், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. நான்கே நாளில் பொங்கல். நம் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். ராகியும் சாமையும் கதிர் பிடிக்காமல் காய்ந்து நின்றன. கிணறுகளில் தரை தெரிந்தது. அந்தப் பொங்கலன்று ஒரு கிளைக்கிராமத்துக்கு வீடுகளை மந்திரிக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகளின் தாயும் தகப்பனும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். பொங்கலுக்குக்கூட வர முடியவில்லை. வாசலில் மூன்று கல் வைத்து, ஒரு சின்னப் பானை ஏற்றியிருந்தார் பாட்டி. ரேஷன் அரிசிதான்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "இந்த வருஷம் இப்படி ஆயிடுச்சு பாட்டி. அடுத்த வருஷம் ஆண்டவர் மழை கொடுப்பார், நல்லா கொண்டாடலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மழை இல்லைன்னா நன்றி சொல்லக் கூடாதா சாமி?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இறையியல் படித்தவன், பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியவன், அந்தத் திண்ணையில் வாயடைத்து நின்றேன். பாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டார். முறத்தில் இருந்த அரிசியைக் காட்டி, "ஆளுக்கு ஒரு பிடி போடுங்க. யாரால நமக்குச் சோறு வந்துச்சோ அவங்க பேரைச் சொல்லிப் போடுங்க" என்றார். மூத்தவள் அம்மா பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள். பிறகு சத்துணவுக் கூடத்து ஆயா பெயரைச் சொன்னாள். மழை நாளில் தங்களுக்காக நிறுத்தத்தில் காத்திருந்த பேருந்து ஓட்டுநரின் பெயர் தெரியவில்லை. "பஸ் மாமா" என்று சொல்லிப் போட்டாள். சின்னவனுக்கு ஐந்து வயதிருக்கும். அவன் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு "கருப்பி" என்றான். யாரடா கருப்பி என்று கேட்டேன். பாட்டிதான் சொன்னார்: "ஆடு சாமி. ஐப்பசியில வித்துட்டோம். அந்தக் காசுலதான் இத்தனை நாள் ஓடுது."

நான் அந்த வீட்டில் அதிகம் பேசவில்லை. பானையை ஆசீர்வதித்துவிட்டு வந்தேன். அந்த ஐந்து வயதுப் பிள்ளை செய்ந்நன்றி அறிந்தவன். தான் உண்ணும் சோறு எந்த இழப்பிலிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

விவிலியமும் இதைத்தான் கற்பிக்கிறது. அபக்கூக்கு இறைவாக்கினர் தம் நூலின் கடைசியில் சொல்வதைத் திறந்து வாசியுங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சைக் கொடியில் கனி இல்லை, வயலில் விளைச்சல் இல்லை, தொழுவத்தில் மாடுகள் இல்லை. ஆனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். இவ்வளவையும் இழந்ததை மறைக்காமல், ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டே மகிழ்கிறார். அதனால் நன்றி சொல்வது துன்பத்தை மூடி மறைப்பதாகாது. வறட்சி நிவாரணம் கேட்பதும், ஏரியைத் தூர்வாரச் சொல்வதும் நன்றிக்கு எதிரானவை அல்ல.

நம் ஆண்டவரைப் பாருங்கள். அவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது எந்த இரவில்? காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நற்கருணையைக் குறிக்கும் எவுக்கரிஸ்தியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். ஞாயிறுதோறும் நாம் திருப்பலியில் செய்வதும், தை முதல் நாள் வீட்டு வாசலில் செய்வதும் ஒன்றோடு ஒன்று உறவுடையவை.

அப்படியானால் பொங்கலை வீட்டில் குழந்தைகளோடு எப்படிக் கொண்டாடுவது? மூன்று காரியங்களைச் சொல்கிறேன். மூன்றுக்கும் காசு தேவையில்லை.

முதலாவது, கதை சொல்லுங்கள். இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தில் ஓர் இஸ்ரயேல் விவசாயி முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவருகிறார். கூடையை வைத்துவிட்டு அவர் விளைச்சலைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. என் மூதாதை நாடோடியாய் அலைந்தவர், எகிப்தில் அடிமைப்பட்டோம், ஆண்டவரிடம் அழுதோம், அவர் மீட்டுக் கொண்டுவந்தார் என்று குடும்பக் கதையைச் சொல்கிறார். விடுதலைப் பயண நூலிலும் பாஸ்கா இரவில் பிள்ளைகள் "இதன் பொருள் என்ன?" என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று இருக்கிறது. பிள்ளைகளின் கேள்வி வழிபாட்டின் ஒரு பகுதி. ஆகவே போகி அன்று மாலை, வீட்டுக் கூரையில் காப்புக் கட்டி முடித்ததும், தாத்தா பாட்டி பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லட்டும். அரிசிச் சோறு திருநாளில் மட்டும் கிடைத்த காலத்தையும், மற்ற நாளெல்லாம் களியும் கூழும் குடித்ததையும் சொல்லட்டும். ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் தங்கள் பல்லில் கறை ஏறியதையும், மூட்டு வலி வந்ததையும், 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கிக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்ததையும் சொல்லட்டும். குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரின் வரலாறு தெரிந்தால் அவன் அதை வீணாக்க மாட்டான்.

இரண்டாவது, அந்தப் பாட்டி செய்ததைச் செய்யுங்கள். ஒரு பிடி அரிசி, ஒரு பெயர். அரிசியை முறத்தில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயர் சொல்லிப் போடட்டும். நெருப்புப் பக்கம் கவனம். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அது போடுகிற பிடியை நீங்கள் வாங்கிப் போடுங்கள். பிள்ளை நாய்க்குட்டியின் பெயரைச் சொன்னால் சிரித்துத் திருத்தாதீர்கள். "இயேசு பெயரைச் சொல்லு" என்று வற்புறுத்தவும் வேண்டாம். எல்லாரும் சொல்லி முடித்த பின் தகப்பனோ தாயோ, "இவர்கள் எல்லாரையும் எங்களுக்குத் தந்த ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று சொல்லிக் கடைசிப் பிடியைப் போடுங்கள். பிறகு பொங்கலோ பொங்கல் என்று எல்லாரும் கூவலாம்.

மூன்றாவதுதான் கடினமானது. இதே இணைச்சட்ட நூல் பகுதியில் கடைசி வரிகளைப் பலர் கவனிப்பதில்லை. கூடையை வைத்து வணங்கிய விவசாயி, தன் வீட்டாரோடு மட்டும் மகிழ்ந்தால் போதாது; நிலமில்லாத லேவியரோடும், தன் நடுவே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்பது கட்டளை. விருந்தில் ஓர் இலையாவது வீட்டுக்கு வெளியே உள்ளவருக்கு இருக்க வேண்டும்.

இங்கே என் சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இளம் குருவாக இருந்தபோது ஒரு கிராமத்தில் ஆலய வளாகத்தில் பொங்கல் வைத்தோம். நல்ல கூட்டம். நான் விருந்தினர்களைக் கவனித்து, முன்வரிசையில் இருந்தவர்களுக்கு என் கையாலேயே பரிமாறினேன். ஒரு சிறுமி என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "ஃபாதர், அவங்களுக்கு?" என்று வாசலைக் காட்டினாள். காலையில் விறகு வெட்டிக்கொண்டு வந்தவர்களும், வளாகத்தைச் சுத்தம் செய்தவர்களும் வாசலுக்கு வெளியே வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. அவர்கள் ஊருக்கு அப்பால் காலனியில் வாழ்கிறவர்கள். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவர்கள் வந்தார்கள். ஆனால் பானையில் அடிப்பிடித்ததுதான் மிச்சமிருந்தது. அந்தச் சிறுமியின் கேள்வியை நான் இன்னும் சுமக்கிறேன்.

அமெரிக்காவின் நன்றித் திருநாளுக்கும் இப்படி ஒரு வேலிப் பக்கம் உண்டு. 1620-இன் இறுதியில் மேஃபிளவர் என்ற கப்பலில் வந்திறங்கிய 102 பயணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். எஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்து உதவியவர் அந்த மண்ணின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1621-இல் அறுவடை விருந்து நடந்தபோது வாம்பனோக் மக்கள் ஏறக்குறைய 90 பேர் வந்து மூன்று நாள் உடன் உண்டார்கள். பின்னாளில் அந்த மக்களின் நிலமே பறிபோனது. 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்கும் நன்றி நாளை அறிவித்தார். ஆனால் பூர்வகுடி மக்களில் பலர் 1970 முதல் அந்த நாளைத் துக்க நாளாக நினைவுகூர்கிறார்கள். உணவு கொடுத்தவரை மறந்துவிட்டால் விருந்தில் ஒரு குறை நின்றுவிடுகிறது. நாம் அவர்களைக் குறை சொல்வதற்கு முன், நம் பானையைப் பார்ப்போம். இந்தக் கரும்பை வெட்டியவர் யார்? இந்த வெல்லத்தைக் காய்ச்சியவர் யார்? அவருக்குக் கூலி கொடுத்தாயிற்றா? கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்ட நூல். பிடித்துவைத்த கூலி ஆண்டவர் காதில் கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வேலையாளின் கூலியை நிறுத்திவைத்துவிட்டுப் பொங்கல் வைத்தால், அந்த வீட்டில் இரண்டு கூவல்கள் கேட்கும். ஆண்டவர் எதை முதலில் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகளிடமே கேளுங்கள்: "நம் வீட்டுக்கு யாரைக் கூப்பிடலாம்?" பிள்ளைகள் நம்மைவிடத் தாராளமானவர்கள். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் தோழனைச் சொல்வார்கள். அவன் எந்தத் தெரு, என்ன மதம் என்று அவர்களுக்குக் கணக்கில்லை. நாம் முகம் சுளித்தால் அந்தக் கணக்கை அன்றுதான் கற்றுக்கொள்வார்கள். அந்தத் தோழனும் அவன் பெற்றோரும் வரட்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம், ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் வடமாநில இளைஞர்கள், மகனும் மகளும் வராமல் தனியே இருக்கும் பக்கத்து வீட்டு அம்மா, இவர்களில் ஒருவராவது உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும். தூக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்புவது நல்லதுதான். கூட உட்கார்ந்து சாப்பிடுவது அதைவிட நல்லது. வந்தவரிடமும் ஒரு பிடி அரிசி கொடுங்கள். அவரும் ஒரு பெயர் சொல்லட்டும். அன்பியங்கள் இதைத் தெருத்தெருவாகச் சேர்ந்து செய்யலாம்.

அந்தப் பெரியவர் மறுபடியும் போன ஞாயிறு வந்தார். "ஃபாதர், பொங்கலன்னைக்குப் பேரனுக்குப் பானையைக் காட்டப்போறேன். அவனையும் ஒரு பேர் சொல்லச் சொல்லி, அவனுக்காக நான் ஒரு பிடி போடப்போறேன்" என்றார். யார் பெயரைச் சொல்வான் என்று நினைக்கிறீர்கள் என்றேன். "என் பேரைச் சொல்லுவான்னு ஆசைதான். ஆனா அவன் வீட்டுல பூனை வளர்க்கிறான்" என்று சிரித்தார்.

செபிப்போம். எல்லாம் வல்ல தந்தையே, மழை பெய்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் எங்களைக் காப்பவரே, எங்களுக்காகத் தங்கள் பங்கை மறைத்துக் கொடுத்தவர்களை அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். தூரத்தில் உழைக்கும் எங்கள் தாய் தந்தையரை, பிள்ளைகளைப் பாதுகாத்தருளும். எங்கள் வாசலுக்கு வெளியே நிற்பவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அழைக்கும் மனத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.